ஷாரோன் செய்த ஜெபம்

"ஷாரோனு, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே? ஜெபம் பண்றப்போ நீ இன்னாதான் சொல்லுவ?"

ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ் கிளம்பியதும் காவேரி இப்படிக் கேட்டாள். பக்கத்து சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த ஷாரோனுக்குத் தூக்கம் எங்கோ பறந்து போனது.

"இப்ப எதுக்குக்கா அது?"

"சும்மா தெரிஞ்சிக்கத்தான். எம் புருஷனுக்காகத் தெனம் விடியக்காலைல எழுந்து பண்றேன்னு சொன்ன இல்ல? சத்தமா பண்ணுவியா, மனசுக்குள்ளயா? முட்டி போடுவியா?"

ஷாரோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பெனியில் இருவருக்கும் ஒரே அசெம்ப்ளி லைனில் ஒயர் மாட்டும் வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வாடகை ரூம். காவேரியின் கணவன் இசக்கிதுரைக்கு பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனது. பின்னாலேயே வேலையும் போனது. பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட ரோஷப்பட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டான். போனையும் அணைத்துவிட்டான்.

குழாயடியில் நின்று அழுத காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதக்கா, தெனம் விடியக்காலைல எழுந்து அண்ணனுக்காக நான் ஜெபம் பண்றேன்" என்றாள் ஷாரோன். மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் அலாரமும் ஒழுங்காகத்தான் அடித்தது. ஓவர்டைம் பார்த்த அலுப்பில் அதன் வாயை அடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அதே கதை. பிறகு அலாரம் வைக்க மறந்தாள். கடைசியில் ஜெபத்தையே மறந்துவிட்டாள்.

போன மாதம் இசக்கிதுரை தானாகவே திரும்பி வந்தான்.

"தண்டலத்துல சர்ச்சுக்குப் போயினு கீறேன் இல்ல?" காவேரி விடவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழமை என்னை சாட்சி சொல்லச் சொல்லிக்கீறாங்க. நடந்தத எல்லார் முன்னாடியும் சொல்லணுமாம். நீ எம் பக்கத்துல வந்து நிக்கணும்."

"நான் எதுக்குக்கா?"

"நல்லா கேட்ட போ! உன்னாலதானே எல்லாம் ஆச்சு!"

ஷாரோன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காவேரியின் நம்பிக்கை இப்போதுதான் துளிர்விட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் அது கருகிவிடாதா? 'எல்லாமே பொய்' என்று உதறிவிட்டுப் போய்விட்டால்? சொல்லாவிட்டாலோ, சபைக்கு முன்னால் பொய்யாக நிற்க வேண்டும்.

பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஹைவேயில் ஏறியது. இறங்கும் இடம் வந்துகொண்டிருந்தது.

'ஆண்டவரே, நான்தான் தூங்கிட்டேன். அக்காவ நீங்க பாத்துக்கோங்க' என்று மனதுக்குள் சொன்னாள். சொன்னபடி காவேரி குடும்பத்துக்காக அவள் செய்த முதல் ஜெபமே அதுதான்.

"அக்கா... நான் பண்ணலக்கா."

"இன்னாது பண்ணல?"

"ஜெபம். ஒரு நாள்கூட பண்ணல. தூங்கிட்டேன்." ஷாரோனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்ன வச்சு ஆண்டவர எடை போட்டுடாதக்கா. பொய்யா போனது நான்தான், அவரு இல்ல."

காவேரி அவளையே பார்த்தாள். பிறகு, முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"அட லூசு, சும்மா உன் வாயக் கிளறிப் பாத்தேன். அது எனக்கு மொத நாளே தெரியும்!"

"தெரியுமா?"

"ஜெபம்னா எப்படித்தான் பண்ணுவாங்கோன்னு பாக்க ஆசப்பட்டு, அன்னிக்கு விடியக்காலைல உன் ஜன்னலாண்ட வந்து எட்டிப் பாத்தேன். நீ போர்வைய இழுத்துப் போத்திக்கினு தூங்கினு இருந்த. ஐயையோ, எம் புருஷனுக்காகக் கேக்க ஆளே இல்லாம போச்சேன்னு பதறிப்போயி, அங்கயே நின்னு நானே ஆண்டவராண்ட கேக்க ஆரம்பிச்சேன். அப்புறம் தெனம் வந்து பாப்பேன். ஒரு நாளாவது நீ முழிச்சினு இருந்திருந்தா, நான் பாட்டுக்குப் போய்ப் படுத்துனு இருப்பேன்!"