ஏழு ஓட்டு

“இதுக்கு யார் யாரு? கையைத் தூக்குங்க” என்று கோகுல்நாத் செல்போனை உயர்த்திப் பிடித்தான்.

அவனோடு சேர்த்து ஏழு கைகள். கடைக்காரர் முகமது இஸ்மாயில் தூக்காதது அவன் கண்ணில் பட்டது.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதித் தரும் குழு அது. கையில் காசு கிடையாது. கூட்டம் நடப்பதே பட்டாபிராமில் பாயின் தையல் கடையில்தான். மார்ச் பரீட்சைக்கு எல்லோரும் பேட்ஜ் குத்திக்கொண்டு போக ஒரு சின்னம் வேண்டும். பச்சை ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி என்று மூன்று ஞாயிறு வீணாகிவிட்டது.

நாலாவதாகக் கோகுல்நாத் வரைந்து செல்போனில் காட்டியது, விடியற்கால வானத்தின் நிறத்தில் கரைந்து போகும் ஒரு பேனா. ஆபீஸில் அவன் வரைவதெல்லாம் வேறு யார் பெயரிலோ போகும். இதாவது தன்னுடையதாக நாலு பேர் சட்டையில் இருக்கட்டும் என்றிருந்தான்.

“பாய், உங்களுக்குப் பிடிக்கலையா?”

“நல்லாத்தான் கீது தம்பி. நானும் ஒண்ணு பண்ணி வச்சிகீறேன்.”

இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். தடித்த நூலை ஒட்டி ஒரு வட்டம், உள்ளே ஒரு பேனா. பசை வழிந்து காய்ந்திருந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து வரும் லோகநாதன் சிரித்துவிட்டார். “இன்னா பாய், அஞ்சாங்கிளாஸ் கைவேலை மாதிரி கீது.”

இந்தக் காலத்தில் போய் நூலா என்றாள் கை தூக்கியிருந்த மைதிலி. இடம் கொடுக்கிறவருக்குச் சின்னமும் தன்னுடையதாக இருக்க வேண்டும்போல என்று கோகுல்நாத் நினைத்துக்கொண்டான்.

பாய் பட்டன் டப்பாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுதாவின் கையில் அட்டையைக் கொடுத்தார். இந்தக் குழு முதன்முதலில் பரீட்சை எழுதித் தந்தது அவளுக்குத்தான். இப்போது வங்கியில் வேலை. ஒரு கூட்டமும் தவறவிட்டதில்லை.

அவள் விரல் வட்டத்தைச் சுற்றி வந்தது. உள்ளே இறங்கி, மேலும் கீழும் போய், நின்றது.

“பேனா” என்றாள். “நான் இதுக்கு.”

கையைத் தூக்கினாள்.

எல்லார் கண்ணும் கோகுல்நாத்தின் செல்போன் பக்கம் போனது.

“ஏழுக்கு ரெண்டு” என்றார் லோகநாதன், குரல் இறங்கி.

கோகுல்நாத் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, தன் கையையும் தூக்கினான்.