ஒன்றேகால் கிலோவுக்கு இரண்டு பேர்

"இதைப் போய் நாய்னு ஃபோன்ல படம் போட்டிருக்கீங்களே, நிஜமான நாய்ங்க கேட்டா சண்டைக்கு வராது?"

வெல்டிங் பட்டறைக்காரர் கால்நடை கிளினிக் வாசலைத் தாண்டும்போதே இப்படித்தான் ஆரம்பித்தார். காலைத் தூக்கி வைக்கக்கூடச் சோம்பல் போலிருக்கிறது. செருப்பைத் தரையோடு தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

உதவியாளர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரையைத் துடைத்து இன்னும் பத்து நிமிடம் ஆகவில்லை.

"உங்க நாய்தானா சார்?"

"எம் பொண்ணோடது. கல்யாணமாகிப் போறப்ப கட்டில் பீரோவோட இதையும் ஏத்திட்டுப் போயிருக்கலாம். எந்தலையில கட்டிட்டுப் போயிட்டா. நேத்து கேட் இடுக்குல பூந்து ஓடிப்போச்சு. தெருத்தெருவா அலையறேன். எங்க அந்த எலி?"

"இங்கதான் எங்கயாவது பூந்துக்கிட்டிருக்கும். டாக்டரம்மா வெளிய வரட்டும், உக்காருங்க."

அக்கா சொன்னது பொய்யில்லை. யாரோ ஒரு புண்ணியவான் பைக்குக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்ததை எடுத்து வந்து கொடுத்ததிலிருந்து இதே கூத்துதான். எடை ஒன்றேகால் கிலோ. காலையிலிருந்து நான்கு தடவை துவைத்த துண்டுகளுக்குள் நுழைந்து தூங்கிவிட்டது. தேடிப் பிடிப்பதற்குள் அக்காவின் இடுப்பு ஒடிந்தது. துண்டுகளை மடித்து வைக்கிறேன் என்று சொன்னால், "சோபாவிலேயே கிடக்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பட்டறைக்காரர் அந்த நீளச் சோபாவை முனைக்கு முனை தடவினார். ஒவ்வொரு துண்டாக அழுத்திப் பார்த்தார். பிறகுதான் ஓரமாக உட்கார்ந்தார்.

'பெரிய சுத்தக்காரர்! கிரீஸ் டப்பா மேல உக்கார்ற ஆளுக்கு நம்ம துண்டு அழுக்கா தெரியுதாக்கும்' என்று அக்கா மனசுக்குள் பொருமினாள்.

அப்போது கதவு திறந்தது. முதலில் சென்ட் வாசனை வந்தது, பின்னாலேயே ஓர் அம்மாள் வந்தார்.

"அம்மாவோட தங்கம் எங்க? நீங்க ஃபோன்ல போட்டிருந்த படத்தைப் பாத்ததும் எனக்கு உயிரே வந்துச்சு!"

"இங்கதாம்மா, எங்கயாவது துணிக்குள்ள பூந்துக்கிட்டிருக்கும். இந்த சாரும் அதைத்தான் தன்னோடதுங்கிறார்."

சென்ட்டம்மா மெத்தையில் சாய்கிறவர்போல சோபா நடுவில் அமர்ந்து, பட்டறைக்காரரை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தார்.

"இவரா? இந்த மாதிரி நாயை வளக்கறதுன்னா என்னன்னு தெரியுமா இவருக்கு? மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பாடு தரணும். சர்க்கரை இறங்கிட்டா ஈறுல தேன் தடவணும். கழுத்துப் பட்டை கூடாது, நெஞ்சுப் பட்டைதான். உச்சந்தலையில எலும்பு மூடாத பள்ளம் இருக்கும், விரல் படக்கூடாது!"

மூச்சு விடாமல் பாடம் ஒப்பித்தார். அக்கா அசந்து போனாள்.

"தேனா? எங்க வீட்ல எனக்கே தேன் கிடையாது" என்றார் பட்டறைக்காரர். "இதுக்குக் குளிருதுன்னு என் சாக்ஸை வெட்டிச் சட்டை தெச்சு விட்டிருக்கேன். கொழுப்பைப் பாருங்க, ரெண்டு காலு சாக்ஸையும் எடுத்துக்கிச்சு."

"சாக்ஸா! உவ்வே!"

சென்ட்டம்மா ஃபோனை எடுத்துப் படங்களைத் தள்ளிக் காட்டினார். கவுன், தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்று நாய்க்கு என்னென்னவோ அலங்காரம். நாயின் முகம் மட்டும்தான் எந்தப் படத்திலும் சரியாகத் தெரியவில்லை.

"உங்ககிட்ட படம் இருக்கா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"அது மூஞ்சியைப் படம் வேற எடுக்கணுமா?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாயந்தரம் எம் பொண்ணு வர்றா. வாசல்ல நின்னு, அப்பா எப்படி இருக்கீங்கன்னு கேக்க மாட்டா. அதைத்தான் கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல?"

இதைக் கேட்டும் அக்காவுக்கு இரக்கம் வரவில்லை. எலி எலி என்று வாய்க்கு வாய் திட்டுகிற ஆளுக்கு என்ன இரக்கம் வேண்டிக்கிடக்கிறது?

டாக்டரம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முழங்கை மடிப்பில் அந்த ஒன்றேகால் கிலோ ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"செல்லம்!" என்றார் சென்ட்டம்மா. அது வாலை ஆட்டியது.

"ஏ சனியனே!" என்றார் பட்டறைக்காரர். அதற்கும் ஆட்டியது. எடை போடும் தராசைப் பார்த்தே வாலாட்டுகிற ஜென்மம், அதன் சாட்சியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அக்கா ஒப்படைப்புத் தாளை எடுத்து, பேனாவோடு சென்ட்டம்மாவின் பக்கம் நீட்டினாள். அவர் சோபாவை விட்டு எழாமலே பேனாவை வாங்கினார்.

டாக்டரம்மா அந்தப் பேனாவை மெதுவாக அவர் விரல்களிலிருந்து உருவிப் பட்டறைக்காரரிடம் கொடுத்தார். "இங்க கையெழுத்துப் போடுங்க சார்."

"என்ன டாக்டர் இது அநியாயம்?" சென்ட்டம்மா கத்தினார். "படம் காட்டினது நானு! விவரம் சொன்னது நானு! எந்த ஆதாரத்தை வச்சு இந்த ஆளுகிட்ட தர்றீங்க?"

"ஆதாரத்து மேலதாம்மா நீங்க உக்காந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "அவர் ஒருத்தர்தான், துண்டுக்குள்ள நாய் தூங்குதான்னு தடவிப் பாத்துட்டு உக்காந்தார்."