தலைவர் சொன்ன சாக்கு

மது ஒழிப்புச் சங்கத் தலைவர் ஓட்டிவந்த கார், அதே சங்கம் கட்டிக்கொடுத்த பேருந்து நிழற்குடையில் மோதி, ‘குடியாதே’ என்று எழுதியிருந்த பலகையைச் சாய்த்தது. ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

மோதலுக்குச் சற்று முன்பு, அன்று மாலை மேடையில் தலைவர் முழங்கியதைக் கேட்டிருக்க வேண்டும்! குடிப்பவன் கை மனைவியை அடிக்கும் கை, மக்களின் சோற்றைப் பறிக்கும் கை என்று அடுக்கிக்கொண்டே போனார். கைதட்டல் ஓய்ந்ததும் மேடைக்குப் பின்னால் பொருளாளர் அறைக்குள் நுழைந்து, தம்முடைய கையால் இரண்டு கோப்பை ஊற்றிக் குடித்தார். தொண்டைக்கு மேலே இருப்பது கொள்கை. தொண்டைக்குக் கீழே இருப்பது அவருடைய சொந்த விவகாரம்.

கூட்டம் முடிந்து வரும்போது கார் இப்படியும் அப்படியும் அலைவது அவருக்குப் புதிதன்று. மற்ற வேளைகளில் சொந்தக் காரை எடுப்பதில்லை, சங்க வாகனத்தில்தான் பயணம். காரணம் அறிந்த மனிதராகையால் யாரிடமும் முறையிட்டதில்லை. வாயில் புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வீடு சேர்வார். இந்த முறை நிழற்குடை குறுக்கே நின்றது. தலைவர் சந்து வழியாக நடையைக் கட்டினார். அவர் தள்ளாடிப் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள்.

மறுநாள் காவல் அதிகாரி வாசலில் வந்து நின்றார்.

“ஸ்டியரிங் கோளாறு சார். நான் ஒரு பக்கம் திருப்பினா, அது ஒரு பக்கம் போகுது!” வாயில் வந்ததை அடித்துவிட்டார் தலைவர்.

“அப்படியா? திங்கட்கிழமை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார். கோளாறு இருந்தா வெறும் விபத்து. இல்லைன்னா, குடிச்சுட்டு ஓட்டின கேஸ். வண்டியை இழுத்து வந்து உங்க கொட்டகையில விட்டிருக்கோம். அதுவரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது.”

வழக்கு வந்தால் பதவி போகும், மேடை போகும், மைக் போகும். மைக் இல்லாத வாழ்வும் ஒரு வாழ்வா? தலைவர், கார் பட்டறை வைத்திருந்த தம் மனைவியின் தம்பியை அழைத்தார்.

“மச்சான், நல்லா இருக்கிற வண்டியைக் கெடுக்கத் தெரியுமா?”

“அதுக்குத்தானே மாமா எல்லாரும் என் பட்டறைக்கு வர்றாங்க!”

“விளையாடாதே. முன்சக்கரத்தைத் திருப்புற டை ராடு இருக்குல்ல, அதோட முனையில இருக்கிற பந்து மூட்டு எல்லாத்தையும் கழட்டு. உன் பட்டறைக் குப்பையில தேய்ஞ்சது கிடக்கும், அதை மாட்டு. கழட்டினதை உருக்காலைக்கு அனுப்பிடு. தடயமே இருக்கக் கூடாது.”

“இது தப்பில்லையா மாமா?”

“தப்பா? என்னை நம்பி ஒரு இயக்கமே இருக்குடா!”

“அக்காகிட்ட ஒரு வார்த்தை...”

“மூச்சு விடாதே! வேலையை முடிச்சுட்டுப் போனப்புறம், கேஸ் முடியுற வரைக்கும் நீ யாரோ, நான் யாரோ. போன் பண்ணாதே. என் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே.”

ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஊர் நடுவே நேர்மையைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தபோது, அவருடைய கார் கொட்டகையில் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். காருக்குள் ஒருவரை அமர்த்தி ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். ஸ்டியரிங் ஆடியது, சக்கரம் அசையவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி இரு கைகளாலும் உலுக்கினார். ‘டக் டக்’ என்று ஓசை கேட்டது.

“மூட்டெல்லாம் தேய்ஞ்சு போச்சு. இந்த வண்டி நேராப் போகாது, அலையும்.”

தலைவருக்கு மேடை கிடைத்துவிட்டது. “பார்த்தீர்களா! தூய்மையான ஒரு பொதுவாழ்வின்மீது சேற்றை வாரி இறைத்தவர்கள் இப்போது எங்கே?”

“நானும் சேத்தைத்தான் தேடுறேன் சார்,” என்றார் காருக்கு அடியில் படுத்திருந்த ஆய்வாளர். “அடியெல்லாம் பல வருஷச் சேறு அப்பிக் கிடக்கு. இந்த மூட்டுங்க மட்டும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. நட்டுல ஸ்பானர் பட்ட தடம் இன்னும் பளபளக்குது. யாரோ நல்ல சாமானைக் கழட்டிட்டு, தேய்ஞ்சதை இப்பதான் மாட்டியிருக்காங்க.”

காவல் அதிகாரி கேட்ட முதல் கேள்விக்கே மைத்துனன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மாலைக்குள் தலைவர்மீது இரண்டு வழக்குகள்: குடித்துவிட்டு ஓட்டியது ஒன்று, சான்றைத் திரித்தது மற்றொன்று. காவல் நிலைய பெஞ்சில் மாமனும் மச்சானும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

“உன்னாலதான்டா கெட்டேன்!” என்று பல்லைக் கடித்தார் தலைவர். “கொஞ்சம் சேத்தை அள்ளிப் பூசத் தெரியாதா உனக்கு? நல்லா இருந்த வண்டியையும் கெடுத்து, என்னையும் கெடுத்துட்டியே!”

மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

“போன் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க, இல்லைன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன் மாமா... உங்க வண்டியில இருந்து கழட்டி உருக்காலைக்கு அனுப்பினது, நான் மாட்டினதைவிட மோசமாத் தேய்ஞ்சு கிடந்துச்சு.”