காணிக்கைப் பால்

தேயிலைத் தோட்டத்து வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை. ஏலத்துக்கு வந்த பூசணியும் வாழைத்தாரும் பீடத்தின் முன்னே குவிந்து கிடக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெரியாயி வெளிப்படியில், காய்ச்சல் பிள்ளையை நனைந்த கம்பளிக்குள் இறுக்கிக்கொண்டு குந்தியிருக்கிறாள். பிள்ளை இருமும்போதெல்லாம் முன்வரிசைத் தலைகள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்துக்குள் குனிகின்றன. “பனி உள்ள வருது, கதவச் சாத்துங்க” என்கிறார் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர். “வெளிய பச்சப்புள்ள இருக்குங்கய்யா” என்கிறாள் உபதேசியாரின் மனைவி சலோமி. “ஏலம் முடியட்டும், பாப்போம்.” சலோமி எழுகிறாள். தான் காணிக்கையாக வைத்த பால் செம்பைப் பீடத்தடியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள். “ஆண்டவருக்கு வச்சதும்மா அது” என்கிறார் கிளாக்கர். “அவருக்குத்தாங்க கொண்டு போறேன்.” படியில் உட்கார்ந்து பிள்ளையின் வாயில் செம்பைச் சாய்க்கிறாள். உள்ளே பாட்டு இன்னும் உரக்க எழுகிறது. பனி வந்துகொண்டே இருக்கிறது. கதவைச் சாத்த ஒருவருக்கும் கை வரவில்லை.