ரிஸ்வான் வீட்டில் அம்மா குரல்

ஓவியா வீட்டு அறையிலேயே பாட்டுக் கட்டி, தானே பாடி வெளியிடுபவள். மகள் நறுமுகைக்காக அவள் பாடிய தாலாட்டைத் திருட்டு இணையதளங்கள் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போய், செயற்கை நுண்ணறிவால் அவள் குரலை நகலெடுத்துவிட்டன. இப்போது எந்த வீட்டில் அதைப் போட்டாலும், ஓவியாவின் குரல் அந்த வீட்டுக் குழந்தையின் பெயரைச் சொல்லியே பாடியது.

தோழன் ரிஸ்வான் வீட்டில் விளையாடிவிட்டு வந்த நறுமுகை, அம்மா மடியில் படுக்க மறுத்தாள்.

“நீ ரிஸ்வானையும் தூங்க வைக்கிற. அவன் பேரைச் சொல்லிப் பாடுற.”

“அது நான் இல்லடி தங்கம்.”

“உன் குரல்தான். நானே கேட்டேன்.”

 ஓவியா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக வேண்டுமென்றே சுருதி பிசகப் பாடினாள். தாளத்தையும் கெடுத்தாள்.

“ஐயே, நல்லாவே இல்ல,” என்று சிரித்தாள் நறுமுகை.

“நல்லா இருந்தா தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

நறுமுகை கொஞ்சம் யோசித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்ப இப்படியே பாடும்மா.”