லீவே போடாதவர்

"லீவே போடாம உழைக்கிறவரைப் பாராட்டாதீங்க, சந்தேகப்படுங்க. அந்த இடத்துல வேற ஆள் உக்காந்தா மோசடி வெளிய வந்துடுமேன்னு பயம்," என்றார் பயிற்சியாளர். எதிரே முப்பது இளம் ஆடிட்டர்கள்.

கடைசி வரிசைப் பெண் எழுந்தாள். "சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருபத்தாறு வருஷமா லீவே போட்டதில்லை. காய்ச்சல்னாலும் வந்து நின்னுடுவாங்க. உதவிக்குப் போனா, 'உனக்குத் தெரியாது, தள்ளு'ன்னு விரட்டுவாங்க."

பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்ததுபோல ஒரு கேஸ். அவருக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

"சாவியெல்லாம்?"

"அவங்ககிட்டதான்."

"மேல இருக்கிறவர் கேக்கறதில்லையா?"

"அவருக்கு எல்லாம் நேரத்துக்கு நடந்துடும் சார். எப்படி நடக்குதுன்னு கேட்டதேயில்லை."

"சரியான ஏமாளி. அவங்களைப் பத்து நாள் கட்டாய லீவுல அனுப்புங்க. அந்த வேலையை அந்த ஆளே பார்க்கட்டும். அப்பத்தான் உள்ள என்ன நடந்துதுன்னு புரியும்."

"டிக்கெட் எடுத்தாச்சு சார். நாளைக்குக் காலையில அம்மா சித்தி வீட்டுக்குக் கிளம்பறாங்க. சமையலறை உங்க பொறுப்பு, அப்பா."

வகுப்பே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காப்பித்தூள் எந்த டப்பாவுலம்மா இருக்கு?"