சின்னாயிக்கு ஒரு தொட்டி

தொட்டியில் தண்ணீர் நிரப்பி இருபத்தாறு மணி நேரம் ஆகிறது. ஜன்னலில் கட்டிய சிவப்புத் துணி வழியாக மத்தியான வெயில் தண்ணீரில் விழுந்து அசையாமல் கிடக்கிறது. தீர்த்தகிரி ஆசாரி குனிந்து, பலகைகளின் மூட்டுகளை அடியிலிருந்து விரலால் தடவுகிறார். படம் கழுவும் மருந்து இரும்பைத் தின்றுவிடும் என்று நான் சொன்னதால் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் மூங்கில் முளை. இடுக்குகளில் அம்மாபேட்டைத் தறிகளின் கழிவு நூலை மெழுகில் தோய்த்துத் திணித்திருக்கிறார். “ஆணியில்லாமத் தொட்டியான்னு ஊரே சிரிச்சுதுங்க அம்மிணி. பாருங்க, பொட்டு ஈரமில்லீங்க.” வேட்டியில் விரலைத் துடைக்கிறார். “இனி எம்புள்ளயக் கழுவி எடுத்தரலாமுங்களா?”

காய்ச்சலில் கிடந்த அவர் மகள் சின்னாயியை நான்தான் படமெடுத்தேன். மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். வேறு படம் கிடையாது. தொட்டி இல்லாமல் கழுவ முடியாது என்று அவரிடம் சொன்னேன். மறுநாளே பலகைகளோடு வந்து நின்றார். இப்போது அவர் அலமாரியில் இருக்கும் கண்ணாடித் தகட்டுப் பெட்டியைப் பார்க்கிறார். நான் தண்ணீரைப் பார்க்கிறேன். ஒரு மெழுகுத் துணுக்கு மிதந்துபோய் விளிம்பில் ஒட்டுகிறது. அதைப் பார்த்தபடியே அவரிடம் சொல்கிறேன்:

“வெளிச்சம் உள்ள போற தகட்டு மூடியத் தொறக்காமயே எடுத்துட்டேனுங்க. அன்னிக்கே சோத்து வட்டல்ல வெச்சுக் கழுவிப் பாத்துட்டேன். சின்னாயி தகட்டுல விழவே இல்லீங்க.”